180 டன் ஐஸும் டேனரிப் பட்டைச் சக்கையும்

போன டிசம்பரில் குடும்பமாக ஆலப்புழா போனோம். கெட்டுவள்ளத்தில் ரெண்டு நாள். படகிலேயே சமையல்காரர் உண்டு, மீன் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் எங்க வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு பிடிவாதம்: தண்ணி மேல மிதந்தாலும் சாப்பிடுறது ஆம்பூர் பிரியாணியாத்தான் இருக்கணும். எனவே சீரகச் சம்பா, மசாலா தடவி ஃப்ரீசரில் உறைய வைத்த மட்டன், ஒரு கிலோ கைமா எல்லாவற்றையும் ஒரு தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, மீன்காரரிடம் பத்து கிலோ பொடி ஐஸ் வாங்கிக் கொட்டி, மூடியைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டி, ஜோலார்பேட்டையில் ராத்திரி ரயில் ஏறினோம். மறுநாள் மத்தியானம் படகில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான ரோஸ் கலர் தண்ணீரில் மட்டன் பொட்டலங்கள் நீந்திக்கொண்டிருந்தன. வாசனையை எழுத வேண்டாம்னு பார்க்கிறேன். அன்றைக்கு எல்லாரும் கரிமீன்தான் சாப்பிட்டோம்.

அப்பா மட்டும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிய நிக்க விட்டுட்டியே"ன்னார். அவர் முப்பத்தைந்து வருஷம் டேனரியில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலும் அழுகும் பொருள்தான், அதனால் அவர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும். ஊருக்குத் திரும்பியதும் வழக்கம்போல ஒரு சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் படிக்க ஆரம்பித்தேன். மின்சாரமும் ஃப்ரீசரும் இல்லாத காலத்தில், பாய்மரக் கப்பலில், ஐஸை எப்படி உலகத்தின் பாதி தூரத்துக்குக் கொண்டு வந்தார்கள்?

கொண்டு வந்தார்கள் என்பதற்கு சென்னைக் கடற்கரையில் கட்டடமே சாட்சி. ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். இன்றைய விவேகானந்தர் இல்லம், 1842 வாக்கில் அமெரிக்க ஐஸை வைத்து விற்பதற்காகக் கட்டிய கிடங்கு. கட்டியது பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடரின் கம்பெனி. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து ஐஸாக விற்ற ஆள். 1806-இல் முதல்முறை மார்ட்டினிக் தீவுக்கு 130 டன் அனுப்பினார். ஐஸ் போய்ச் சேர்ந்தது, ஆனால் அங்கே அதை இறக்கி வைக்கக் கிடங்கு இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம். பிறகு கடன், அதனால் ஜெயில், மறுபடி கடன் என்று கால் நூற்றாண்டு ஓடியது. இதற்கிடையே நதானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்தார். அதன் பெரிய பலன், கட்டிகள் எல்லாம் ஒரே அளவில், செங்கல் மாதிரி சதுரமாக வர ஆரம்பித்தன. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். அட்லாண்டிக்கில் இறங்கி, பூமத்திய ரேகையைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடி பூமத்திய ரேகையைக் கடந்து வரணும். மே 6, 7 தேதிகளில் ஏற்றிய ஐஸ், கல்கத்தாவில் இறங்க ஆரம்பித்தது செப்டம்பர் 13. நாலு மாசம் ஒரு வாரம். என் ஐஸ் பதினாலு மணி நேரம் தாங்கவில்லை.

அந்தக் கப்பலில் ஐஸை எப்படிப் பொதிந்தார்கள் என்று அக்காலத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கப்பலின் அடித்தளத்தில் ஓர் அங்குலப் பலகை. அதன்மேல் ஓர் அடி கனத்துக்கு, நன்றாகக் காயவைத்த பட்டைச் சக்கை. எந்தப் பட்டை? தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறி, சத்தெல்லாம் இறங்கிப்போன மரப்பட்டை. டேனரிக் கழிவு! அதன்மேல் இன்னொரு பலகை. நாலு பக்கச் சுவரும் இதே மாதிரி, கப்பலின் உடம்பை ஒட்டாமல் தனியாக. நடுவில் வரும் பாய்மரத்தையும், பம்ப் இறங்கும் கிணற்றையும்கூட இப்படியே பெட்டி கட்டி மூடியிருக்கிறார்கள். ஐஸ் கட்டிகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி, மொத்தமும் ஒரே பாளம் போல ஆகும்படி அடுக்கினார்கள். மேலே ஓர் அடி வைக்கோல், அழுத்தி. அதற்கு மேல் பலகை அடித்து, பலகைக்கும் தளத்துக்கும் நடுவே மறுபடி பட்டைச் சக்கை.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆவாரம் பட்டையும் வாட்டில் பட்டையும் போட்டுத்தான் பதனிடுவார்களாம். ஊறி முடிந்த சக்கை டேனரி வாசலில் மலை மாதிரி கிடக்கும், அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு போவார்கள். "அதுக்குள்ள ஐஸ் வெக்கலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே"ன்னார்.

எனக்குப் பிடித்த இன்னொரு விவரம்: ஐஸின் மேல் ரெண்டு இடத்தில் மிதவை வைத்து, அதிலிருந்து ஓர் அளவுக்கம்பியை மூடி வழியாக வெளியே விட்டிருந்தார்கள். ஐஸ் கரைந்து இறங்க இறங்கக் கம்பியும் இறங்கும். மூடியைத் திறக்காமலேயே உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், சர்வரைத் தொடாமல் மானிட்டரிங்.

கணக்குக்கு வருவோம். டயமண்ட் ஹார்பர் வந்து சேர்வதற்குள் சுமார் 55 டன் கரைந்திருக்கும் என்று ஏஜென்ட் மதிப்பிட்டார். ஆற்றில் மேலே வரும்போது ஆறேழு டன், இறக்கும்போது இருபது டன் வாக்கில் போயின. கரையில் கிடங்குக்குள் போனது ஏறக்குறைய 100 டன். கவனிங்க: கடலில் நாலு மாசத்தில் 55 டன், கரையில் இறக்கும் சில நாளில் 20 டன். பொதியைப் பிரிக்கிற நேரம்தான் ஆபத்து.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 55 டன் உருக, அதை நாலு மாசத்து நொடிகளால் வகுத்தால், உள்ளே கசிந்த வெப்பம் சராசரியாக 1.7 கிலோவாட் அளவுதான் வருகிறது. நம் வீட்டு கீசரே 2 கிலோவாட். பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டிய ஒரு கப்பலுக்குள், ஒரு கீசர் அளவு சூடுகூட நுழையவில்லை. மூணு தடவை சரிபார்த்தேன். யாராவது தப்பு கண்டுபிடித்தால் சொல்லுங்க.

பட்டைச் சக்கை மட்டும் காரணமில்லை. 180 டன்னை ஒரே கனசதுரமாக நினைத்தால், ஒரு கிலோ ஐஸுக்கு வெளியே தெரியும் பரப்பு 11 சதுர சென்டிமீட்டர்தான். என் பத்து கிலோவுக்கு, அதுவும் ஒரே கட்டியாக இருந்திருந்தால், கிலோவுக்கு 295 சதுர சென்டிமீட்டர். இருபத்தாறு மடங்கு. நான் கொண்டுபோனதோ பொடி ஐஸ், அதன் பரப்பைக் கணக்குப் போடவே பயமாக இருக்கிறது. வைத்தின் கலப்பை ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? சதுரக் கட்டியாக இருந்தால்தான் இடுக்கு விடாமல் அடுக்கி, கப்பல் அளவுக்கு ஒரே கட்டியாக்க முடியும். அப்படியும் கல்கத்தாவில் திறந்து பார்த்தபோது கட்டிகளுக்கு நடுவிலும் கரைந்திருந்தது.

அடுத்தது அப்பா சொன்ன தண்ணீர். உருகிய நீர் சும்மா குளிர்ந்து கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது சுவரிலிருந்து வெப்பத்தை வாங்கி, ஐஸின் எல்லா இடுக்குக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். அடியில் அது தேங்காமல் வடியணும். உப்புத் தோலை அடுக்குகிற மேடையும் சரிவாகத்தான் இருக்கும். உப்பு இழுத்த தண்ணீர் வழிந்து ஓடணும், தேங்கினால் அடித் தோல் கெட்டுவிடும். அப்பாவுக்கு இது பாடமில்லை, கைப்பழக்கம்.

சென்னையில் இறக்குவது கல்கத்தாவைவிடக் கொடுமை. அன்றைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வரணும். கிடங்கைக் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் கட்டியது சும்மா இல்லை. 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் அறுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த தோரோ, சென்னைக்காரர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று எழுதினார். குடித்தது யார் என்பதை அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. துரைமார் வீடுகளின் ஒயினும், ஜுரம் கண்ட வெள்ளைக்காரர்களின் நெற்றியும்தான் முக்கியமான வாடிக்கை. 1870-களில் இங்கேயே நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை.

எங்க ஊரைத் தொடுகிற இடத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களுக்குச் சரக்கு குறைவு, கல்லைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த இடத்தில்தான் ஐஸ் ஏறியது. திரும்பிப் போகும்போது கல்கத்தாவில் அவுரி, வெடியுப்பு, ஆளி விதை இவற்றோடு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் ஏற்றிப் போனார்கள். மாசசூசெட்ஸில் லின் நகரம் முழுக்கச் செருப்புத் தொழில். ஆக, வரும்போது டேனரிச் சக்கைக்குள் குளிர், போகும்போது டேனரிக்கான தோல். தோலுக்கு யாரும் ஐஸ் வைக்கவில்லை. அதைக் காயவைத்தார்கள், அல்லது உப்புப் போட்டார்கள்.

இன்னும் அதையேதான் செய்கிறோம். நம்ம வெயிலில் உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்குத் தோல் வருவது நாட்டின் எங்கெங்கிருந்தோ, லாரியில் நாள் கணக்கில். எனவே தோலின் எடையில் நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ உப்பு. மாசக்கணக்கில் கெடாது. ஆனால் டேனரியில் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பல வருஷம் அந்தத் தண்ணீர் போன வழி பாலாறு. எங்க பாட்டி காலத்தில் இனிப்பாக இருந்த வீட்டுக் கிணறு, நான் ஸ்கூல் போகும்போது துணி துவைக்கக்கூட உதவாத கிணறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசாகவோ பாழானது பதிவாகியிருக்கிறது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிரித்துப் பாத்திகளில் காயவைத்தார்கள். தண்ணீர் போய்விடும். உப்பு எங்கே போகும்?

ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் அறுப்புக்கூடமும் டேனரியும் கிட்டக்கிட்ட இருக்கிற இடங்களில், தோலை ஐஸ் போட்டோ குளிர் அறையில் வைத்தோ உப்பில்லாமலே பதனிடக் கொண்டுபோகிறார்கள். அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் உப்பைக் குறைக்கும் வழிகளைப் பல காலமாக ஆராய்கிறது. நானும் ஒரு கணக்குப் போட்டேன். 25 கிலோ எருமைத் தோலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 8 கிலோ ஐஸ் போதும். அதே தோலுக்கு உப்பு 10 கிலோ. எடையில் ஐஸ்தான் குறைச்சல்! சந்தோஷத்தோடு அப்பாவிடம் காட்டினேன். "எட்டு கிலோ இன்னிக்கு. நாளைக்கு?"ன்னார். சரிதான். குளிரை லாரி வந்து சேரும்வரை தினமும் காசு கொடுத்து வாங்கணும், உப்பை ஒரே தடவை வாங்கினால் போதும். அந்த ஒரு தடவைக் காசில் கிணறு சேரவில்லை என்பதுதான் என் வாதம். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் படித்தவன் நான், நானும் அதற்கு மேல் பேசவில்லை.

பொங்கல் லீவில் மறுபடி ஆலப்புழா. இந்த முறை பொடி ஐஸ் இல்லை. ரெண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து (உருகினாலும் பாட்டிலுக்குள்ளேயே இருக்கும்), மட்டனை அவற்றின் நடுவே இடுக்கில்லாமல் அடுக்கி, மிச்ச இடத்தில் உமி மூட்டை கட்டித் திணித்து, பெட்டியைச் சுற்றி ரெண்டு கம்பளி. அளவுக்கம்பிக்குப் பதில் ஒயர் வைத்த தெர்மாமீட்டர், நூற்றைம்பது ரூபாய், டிஸ்ப்ளே வெளியே தெரியும். படகில் திறந்தபோது மட்டன் நடுவில் இன்னும் கல்லாக இருந்தது. இன்னும் நன்றாகவே இருந்திருக்கும். டிஸ்ப்ளேயை நம்பாமல், ரயிலில் எல்லாரும் தூங்கின பிறகு மூணு தடவை மூடியைத் திறந்து கை வைத்துப் பார்த்தவர் அப்பாதான்.