லண்டன் மேயரான படக்கடைக்காரர்

ஜான் பாய்டெல் என்றாலே ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, ஒரு கடைக்காரர் மேயர் நாற்காலி வரை ஏறிய வழி.

1720-ல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். அப்பா நில அளவையாளர். இருபது வயது வாக்கில் லண்டன் வந்து, செப்புத்தகட்டில் படம் செதுக்கும் ஒருவரிடம் தொழில் கற்றார். 1746-ல் தனிக்கடை. ஆறு நிலக்காட்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாலம், மொத்தமும் ஒரு ஷில்லிங். லண்டனுக்கு ஒரு மேயரைத் தந்த முதல் புத்தகம் இதுதான்னு பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வாராம்.

அப்புறம் தன்னைவிடக் கெட்டிக்காரர்களை வைத்து வேலை வாங்கினார். பிரான்சிலிருந்து அச்சுப்படங்களை வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து, வெளியே விற்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, மேயர் ஆனது எப்படி? அன்று லண்டனில் அதற்கு ஒரு ஏணி இருந்தது. முதலில் தொழிற்குழு உறுப்பினர், பிறகு ஒரு வட்டத்தின் ஆல்டர்மேன், பிறகு ஷெரிஃப், கடைசியில் மேயர். பாய்டெல் 1782-ல் ஆல்டர்மேன், 1785-ல் ஷெரிஃப், 1790-ல் லார்ட் மேயர்.

இந்தப் பதவிகளில் கைக்காசு கரையும். ஷெரிஃப் பதவியே வேண்டாம்னு அபராதம் கட்டித் தப்பித்தவர்கள் ஏராளம். மேயர் குடியிருக்கும் மான்ஷன் ஹவுஸ் மாளிகை எழும்பியதே அந்த அபராதப் பணத்தில்தான்! பாய்டெல் தப்பிக்கவில்லை. மேலே போய், நகர மன்றமான கில்ட்ஹாலுக்கு ஓவியங்களையும் கொடுத்தார். அதில் ஒன்று, 1381-ல் மேயர் வால்வொர்த் கலகத் தலைவன் வாட் டைலரை வீழ்த்தும் காட்சி. வால்வொர்த் மீன் வியாபாரி! கடைக்காரரும் வரலாற்றில் நிற்கலாம் என்று சொல்லும் படம்.

1789-ல் ஷேக்ஸ்பியர் கூடத்தைத் திறந்தார். அதே ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி, தொடர்ந்து போர். வெளிநாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. 1804-ல், எண்பத்து நாலு வயதில், கடனை அடைக்க லாட்டரி நடத்த நாடாளுமன்ற அனுமதி பெற்றார். மூன்று கினி வீதம் 22,000 சீட்டுகள், அத்தனையும் விற்றன. குலுக்கலுக்கு முன்பே, டிசம்பரில், இறந்துபோனார். கடன் அடைந்தது. கூடம் பரிசு பெற்றவர் கைக்குப் போய், ஏலத்தில் சிதறியது.

நகரத்துக்குக் கொடுத்த படங்கள் அந்த ஏலத்துக்கு வரவில்லை. பதவி அவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. கடைதான் பதவிக்குச் சம்பாதித்துப் போட்டது. விற்க வைத்திருந்தது சிதறியது, சும்மா கொடுத்தது ஊரிடம் தங்கியது.