பவானி ஆத்து மீனும் ஹார்மோனும்: செத்த மீனை மட்டும் எண்ணிய கதை

"ஆத்து மீனு வாங்கலாமுங்களா டாக்டர், இல்ல எல்லாமே கெமிக்கலுங்களா?" அந்தியூர் பக்கம் கிளினிக் வச்சிருக்கிற எந்த டாக்டருக்கும் பழகின கேள்வி இது. ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த வரிக்குப் பின்னாடி நம்ம ஆறுகளோட அரை நூற்றாண்டு கதை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

மேட்டுப்பாளையம் தாண்டி சிறுமுகையில, பவானிக் கரையில சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை இருந்துச்சு. நீலகிரி யூகலிப்டஸ் மரத்தைக் கூழாக்கி ரேயான் நூல் எடுப்பாங்க. கழிவு போனது ஆத்துக்கு. அதுக்குக் கீழேயே பவானிசாகர் நீர்த்தேக்கம். மீன் செத்து மிதந்துச்சு. விவசாயிகளும் மீனவர்களும் போராடினாங்க. ஆலை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊர் ஞாபகத்துல மிச்சம் இருக்கிறது செத்த மீனும் நாத்தமும்தான்.

இப்போ அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். 1970களின் கடைசி. ஃப்ளோரிடாவுல ஒரு காகிதக்கூழ் ஆலைக்குக் கீழே ஓடுற ஓடை. அங்க இருந்த மீன் கம்பூசியா. பேரு புதுசா இருக்கலாம், மீன் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கொசுப்புழு தின்னட்டும்னு சுகாதாரத்துறை நம்ம கிணத்துல விடுற அதே குட்டி மீன். இதுல ஆணுக்கு மட்டும் அடித்துடுப்பு நீண்டு, விந்தைச் செலுத்தும் உறுப்பா மாறியிருக்கும். அந்த ஓடையில பெண் மீன்களுக்கும் அந்த உறுப்பு முளைச்சிருந்தது. 1980ல ஆய்வு வெளியாச்சு. மரக்கூழ்ல இருக்கிற ஸ்டெரால்களை பாக்டீரியா ஆண் ஹார்மோன் மாதிரியான பொருளா மாத்த முடியும்னு பின்னால கண்டாங்க.

கவனிச்சீங்களா? அந்த மீன்கள் சாகலை. நல்லா நீந்திட்டுத்தான் இருந்துச்சு. செத்திருந்தா பேப்பர்ல போட்டோ வந்திருக்கும்.

கூழ் ஆலை போய் சாயப்பட்டறைக்கு வருவோம். இங்க மாத்திரை வேற, வியாதி ஏறக்குறைய அதேதான். எஸ்ட்ரடையால்ங்கிற பெண் ஹார்மோன் மீனுக்கும் மனுஷிக்கும் ஒரே மூலக்கூறு. பெண் மீன்ல அது ரத்தம் வழியா ஈரலுக்குப் போய், முட்டைக்கான மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யச் சொல்லும். அந்தப் புரதத்துக்குப் பேரு வைட்டலோஜெனின். ஆண் மீனோட ஈரல்லயும் அதே மரபணு இருக்கு. எழுப்ப ஆள் இல்லாததால தூங்கிட்டு இருக்கும்.

அதை எழுப்பிவிடுற பொருள்கள்ல ஒண்ணு நோனைல்ஃபீனால். துணியில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போறதுக்காக ஆலைகள்ல போடுற ஒரு வகை டிடர்ஜென்ட் ஆத்துல உடைஞ்சா இது வரும். உடைஞ்சா விஷம் குறையணும்ல? இது உடைஞ்ச பிறகுதான் மோசம். காத்துப் படாத சேத்துக்குள்ள போயிட்டா பல பத்தாண்டுக்கு அசையாது.

1990கள்ல இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்ல, கம்பளி ஆலைகள் இருந்த ஏர் ஆத்துல, ஆண் ட்ரவுட் மீனைக் கூண்டுல வச்சுப் பார்த்தாங்க. சில வாரத்துலயே ரத்தத்துல வைட்டலோஜெனின் எகிறிடுச்சு, விதைப்பை வளர்ச்சி குறைஞ்சது. காரணம் கம்பளி கழுவுற டிடர்ஜென்ட். அதை ஆலைகள் குறைச்சதும் மீன்ல பாதிப்பும் குறைஞ்சது.

அதே தொண்ணூறுகள்ல நம்ம ஊர்ல என்ன நடந்தது? நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணை 1992ல கட்டி முடிஞ்சது. பாசனத்துக்குக் கட்டினது, திருப்பூர் சாயக்கழிவுத் தொட்டி ஆயிடுச்சு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாம சுத்திகரிச்சாதான் திறக்கலாம்னு உத்தரவு. அந்த விவசாயிகளுக்குக் கொங்கு நாடே கடன்பட்டிருக்கு.

ஆனா வழக்கு முழுக்க உப்பைச் சுத்தித்தான் நடந்தது. லிட்டருக்கு 2100 மில்லிகிராம் உப்புன்னு வரம்பு இருந்துச்சு. தென்னை காய்ஞ்சதும் கிணறு கெட்டதும் கண்ணுக்குத் தெரிஞ்சது, கோர்ட்டுல காட்ட முடிஞ்சது. ஆண் மீனோட ஈரல் என்ன புரதம் செய்யுதுன்னு யாரு காட்டுறது? உப்பைப் பிடிக்க வச்ச ஆர்.ஓ. நோனைல்ஃபீனால்ல பெரும்பகுதியையும் பிடிக்கும்ங்கிறது நம்ம அதிர்ஷ்டம். திருட்டுத்தனமா திறந்துவிடுற கழிவுக்கும், ஏற்கெனவே சேத்துல படிஞ்சதுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இன்னொரு விஷயம். 2021 பிப்ரவரியிலிருந்து, துவைக்கக்கூடிய துணியில இந்த டிடர்ஜென்ட் 0.01 சதவீதத்துக்கு மேல இருந்தா ஐரோப்பிய ஒன்றியத்துல விக்க முடியாது. அந்த ஊர் வாஷிங் மெஷின்ல இருந்து அந்த ஊர் ஆத்துக்குப் போயிடக் கூடாதுன்னு போட்ட சட்டம். பனியன்ல மிச்சம் ஒட்டியிருக்கிற துளிக்கு அங்க அவ்வளவு அக்கறை. பனியனை அலசின தண்ணி இங்கதானே போச்சு?

காவிரி சுத்தமான்னு கேப்பீங்க. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி தண்ணியில நோனைல்ஃபீனாலும் பிஸ்ஃபீனால் ஏ-யும் இருக்கிறதைக் கண்டு 2014ல வெளியிட்டாங்க.

சரி, மீன் சாப்பிடலாமா? சாப்பிடுங்க. மீன் அந்தத் தண்ணியில இருபத்திநாலு மணி நேரமும் செவுளால மூச்சு விடுது. நாம வாரம் ரெண்டு துண்டு திங்கிறோம். ரெண்டும் ஒண்ணு இல்லை. வரட்டுப்பள்ளம் அணைக்குத் தண்ணி பர்கூர் மலையில இருந்து வருது, மேலே சாயப்பட்டறை கிடையாது. அந்த மீனையும் கழிவு வாய்க்கால்ல பிடிச்ச மீனையும் ஒரே தராசுல வைக்காதீங்க. எங்க பிடிச்சதுன்னு கேட்டு வாங்குங்க. இந்த மாதிரி பல பொருள்கள் கொழுப்புலதான் சேரும். தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்துட்டா அளவு குறையும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் கழிவு கலக்கிற இடத்து மீனைத் தொடவே வேண்டாம்.

விலங்கியல் படிக்கிற பிள்ளைங்க இதைப் படிச்சா ஒரு வேலை. ஒரு கைவலை, ஒரு பூதக்கண்ணாடி. நொய்யல்லயோ காலிங்கராயன் வாய்க்கால்லயோ கம்பூசியா கிடைச்சா, வயித்துல சினையோட இருக்கிற பெண் மீனோட அடித்துடுப்பைப் பாருங்க. பர்கூர் அடிவாரத்து மீனோட ஒப்பிட்டுப் பாருங்க. நீண்டிருந்தா போட்டோ எடுத்து, தேதியும் இடமும் எழுதி உங்க பேராசிரியர்கிட்ட கொடுங்க.