கிராமத் தகவல் மையங்கள்: புதுவை – மரக்காணம் கடற்கரை

கிராமத் தகவல் மையம் என்பது, கணிப்பொறியும் இணையமும் தனித்தனி இல்லங்களுக்கு எட்டாதிருந்த காலத்தில், ஊருக்குப் பொதுவானதோர் இடத்தில் அவற்றை அமைத்து, அவ்வூராரையே நிர்வாகிகளாக்கி, அவர்களுடைய ஜீவனத்துக்கு வேண்டிய செய்திகளை அவர்களுடைய பாஷையிலேயே வழங்குமாறு ஏற்படுத்தப்பட்ட ஸ்தாபனமாகும். இந்தியாவில் இத்தகைய முயற்சிகளுள் காலத்தால் முற்பட்டவற்றில் ஒன்று, சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியுடன், 1998 ஜனவரியில் புதுவைப் பிரதேசத்தில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டமாகும்.

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பக்கிங்ஹாம் கால்வாயையும் கழுவேலி ஏரியையும் அடுத்து அமைந்த மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் உப்பளப் பிரதேசமாகும். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு உவர்நீர் பாய்ச்சத் தொடங்கி, ஐப்பசி மழை வந்து அளங்களை மூழ்கடிக்கும் வரையில் உப்பு வாருகின்ற தொழிலாளருக்கும், எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம் முதலிய குப்பங்களிலிருந்து விடியுமுன் படகு தள்ளுகின்ற மீனவருக்கும், வானமும் கடலும் நாளை எப்படியிருக்கும் என்பதைக் காட்டிலும் அவசியமான செய்தி வேறில்லை. ஒரு கோடைமழை, வாராமல் விட்ட உப்பையெல்லாம் கரைத்து, பல நாளைய உழைப்பை ஒரே இரவில் வீணாக்கிவிடும். ஆகவே இக்கடற்கரையில் தகவல் என்பது கற்றோரின் விநோதப் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. அது கூலியோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

யந்திரத்தைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் ஊராரிடம் சென்று கேட்டதே புதுவைத் திட்டத்தின் ஜீவநாடி என்று சொல்லவேண்டும். யாருக்கு எந்தச் செய்தி தேவை, அதை இப்போது யாரிடமிருந்து பெறுகிறார்கள், எவ்வளவு நம்புகிறார்கள் என்பனவற்றை முதலில் ஆராய்ந்து, அதன்பின் ஊராரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்: இடமும் தொண்டர்களும் ஊருடைய பொறுப்பு, கருவிகளும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு, மையத்துக்குள் ஜாதி, ஆண் பெண் என்ற பேதமின்றி எவரும் வரலாம். இம்மூன்றாவது நிபந்தனை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஏம்பலத்தில் மையம் அமைந்தது ஒரு கோயில் கட்டடத்தின் பகுதியில். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்கள், அதே கட்டடத்தின் மற்றொரு வாயிலால் கணிப்பொறி அறைக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். தொண்டர்களுள் பெண்கள் பெரும் பங்கினர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட கிராமத்துப் பெண்கள், ஆங்கில விசைப்பலகையில் தமிழ் எழுத்துகள் எங்கெங்கே மறைந்திருக்கின்றன என்பதை மனனம் செய்து, நெல் விலை, உர விலை, பேருந்து நேரம், மருத்துவர் வரும் நாள், அரசாங்க உதவித் திட்டங்களுக்கு உரியோர் பட்டியல் ஆகியவற்றைத் தாமே திரட்டிப் பதிவுசெய்தார்கள். தாலுகா அலுவலகத்துப் படிகளில் பல நாள் காத்திருந்து பெறவேண்டியிருந்த செய்தி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து கிடைத்தபோது, ஏழைகளுக்கு உண்டான தைரியத்தைச் சாதாரணமாக மதிப்பிடலாகாது.

வில்லியனூர் இத்திட்டத்தின் கேந்திரமாக இருந்தது. அக்காலத்துக் கிராமத் தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாமையால், அதியுயர் அலைவரிசை வானொலிக் கருவிகள் மூலம் ஊர்களை இணைத்தனர். மின்தடைக்குப் பரிகாரமாகச் சூரிய மின்தகடுகளையும் பொருத்தினர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த கீழூரும் இவ்வாறு இணைக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று.

மீனவர்க்கு இதனால் விளைந்த பிரயோஜனம் தனியே சொல்லத்தக்கது. அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினத்துக்காக, அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்டுவந்த அலையுயர முன்னறிவிப்பைக் கேந்திரத்தில் இறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கி வழியே வாசித்தார்கள். எழுத்தறியாதவரும் மையத்துக்கு வராதவரும் வலை பின்னிக்கொண்டே அதைக் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இவ்வேற்பாடு நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தைக் காத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், அங்கே செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அலையுயரம் அறிவிப்பதற்கென்று வைத்திருந்த அதே ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறுமாறு அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3,600 ஜனங்கள் பிழைத்தனர். நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலாதலால், ஐயுற்று நில்லாமல் ஓடினார்கள்.

பின்னர் இம்முயற்சி விரிந்தது. 2004-இல் ஊர்தோறும் அறிவு மையம் காணும் தேசிய இயக்கம் எழுந்தது. மத்திய அரசாங்கம் 2006-இல் பொதுச் சேவை மையங்களுக்கு அனுமதியளித்தது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்பைக் கைப்பேசியில் தரும் மீனவ நண்பன் செயலியும் இம்மரபில் வந்ததே. குடும்பத்துக்கு ஒருவராக 6 கோடி கிராமத்தவருக்குக் கணினிப் பயிற்சி அளிக்கும் உத்தேசத்துடன் 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், எண்ணிக்கையில் மிகப் பெரியது. ஆயினும் 20 மணி நேரப் பாடத்தை முடித்தவர், ஐயம் எழுந்த நாளில் சென்று கேட்க ஊருக்குள் ஒரு தொண்டர் இல்லாவிடில், கற்றதில் பெரும்பகுதி கைநழுவிவிடும் என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

கைப்பேசி எங்கும் பரவிவிட்ட இந்நாளில், அத்தொண்டரின் தேவை வேறொரு காரணத்தால் அதிகரித்திருக்கிறது. கூலியும் உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கே வந்துசேர்வதால், அறிமுகமற்றவன் வங்கி அதிகாரி போலப் பேசி ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்கும் மோசடி உப்பளத் தொழிலாளியையும் எட்டிவிட்டது. பணம் அனுப்பத்தான் யுபிஐ ரகசிய எண் வேண்டும், பணம் பெறுவதற்கு அது வேண்டியதில்லை என்ற ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டவர், பல ஏமாற்றுகளிலிருந்து தப்புவார். விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையிலும் ஆபத்து உண்டு. எடுத்த தொகையை ரசீதோடு ஒத்துப் பார்க்க எழுத்தறிவு வேண்டும், வஞ்சகர் ரேகையைப் படியெடுத்துப் பிறர் கணக்கில் கைவைத்ததும் உண்டு. இதற்குக் காப்பாக, ஆதாரில் விரல்ரேகை விவரத்தைப் பூட்டிவைத்து, வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளும் வசதியை ஆதார் ஆணையம் அளித்திருக்கிறது. பணம் பறிபோனால் 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்கவேண்டும். மோசடிக்காரன் கணக்கிலிருந்து அதை எடுப்பதற்குள் தகவல் சேர்ந்தால், வங்கிகள் அத்தொகையை முடக்கிவைக்க இயலும்.