இல்லை என்று சொன்ன மருந்து வணிகர்கள்

மருந்து வணிகர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். ரசவாதி யூசுஃப் லக்வா என்பவர் கலீஃபா மாமூனிடம் (ஆட்சி 813-833) இப்படிக் குறைகூறினார். கலீஃபா அதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். பக்தாதை அடுத்த ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, அது ஒரு மருந்து என்று கேட்டுவருமாறு கடைகளுக்கு ஆட்களை அனுப்பினார். எல்லாக் கடைகளிலும் அந்த 'மருந்து' கிடைத்தது! ஒருவர் ஏதோ விதையைக் கொடுத்தார்; ஒருவர் கல்துண்டைக் கொடுத்தார்; இன்னொருவர் விலங்கின் மயிரைக் கொடுத்தார்.

அரண்மனையில் இது வேடிக்கையாக முடிந்தது. போர்ப் பாளையத்தில் அப்படி முடியவில்லை. பாபக்கின் கிளர்ச்சியை 837இல் அடக்கிய தளபதி அஃப்ஷீன், தம் பாளையத்து வணிகர்களின் பட்டியலைப் படிக்கச் செய்தார். மருந்து வணிகர் பகுதி வந்ததும், மற்றெல்லாரையும்விட இவர்களைச் சோதிப்பதே முக்கியம் என்றார். அருகிருந்த மருத்துவர் ஸக்கரிய்யா தைஃபூரீ, மாமூன் செய்த சோதனையை எடுத்துரைத்தார். உடனே அஃப்ஷீன் தம் தாய்நாடான உஷ்ரூஸனாவின் பதிவேட்டிலிருந்து சுமார் இருபது பெயர்களைப் பொறுக்கி, கடைகளுக்கு ஆளனுப்பினார். சிலர் அப்படி ஒரு மருந்தை அறியோம் என்றனர். சிலர் காசை வாங்கிக்கொண்டு எதையோ கொடுத்தனர். அறியோம் என்றவர்களுக்குப் பாளையத்தில் தங்க அனுமதிச் சீட்டு கிடைத்தது, மற்றவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

மருந்து வணிகரின் அறிவை அளக்கும் தேர்வன்று இது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாணயத்தை அளந்த தேர்வு. கலப்பு முறைகளைக் கற்பிக்க நூல்கள் இருந்தன. ஜுந்திஷாப்பூரின் கிறிஸ்தவ மருத்துவர் ஸாபூர் இப்னு ஸஹ்ல் (மறைவு 869) தொகுத்த நூல் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் நெடுங்காலம் வழங்கியது. நாணயத்தைக் கற்பிக்க எந்த நூல் உண்டு? (மருந்து வணிகரைக் குறிக்கும் 'ஸைதலானி' என்னும் அரபுச் சொல் நம் நாட்டுச் சந்தனத்திலிருந்து பிறந்ததென அல்பீரூனி கருதினார். சந்தனத்திலும் போலி உண்டென்பதை நம் இல்லத்தரசியர் அறிவர்.)

மருத்துவர்களின் முறை 931இல் வந்தது. பக்தாதில் ஒருவர் மருத்துவரின் தவறால் இறந்தார். இனித் தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று கலீஃபா முக்ததிர் ஆணையிட்டு, ஸினான் இப்னு தாபித்திடம் பொறுப்பை ஒப்படைத்தார். தேர்வுக்கு வந்தவர் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் என்று இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். அவர்களில் ஒருவர் கண்ணியத் தோற்றமுள்ள முதியவர். தமக்குப் படிப்பு இல்லை என்றும், குடும்பம் இத்தொழிலால் பிழைக்கிறது என்றும் அவர் ஒளிக்காமல் கூறினார். அறியாத மருந்தைக் கொடுக்கலாகாது, இரத்தம் வாங்கலாகாது என்ற நிபந்தனையுடன் ஸினான் இசைந்தார். தேனும் காடியும் கலந்த பானகத்தையும், பன்னீர்ப் பாகையும் தாம் என்றுமே தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றீர் என்று ஸினான் கேட்க, தந்தையிடம் என்றார். அந்தத் தந்தை நேற்று வந்த முதியவரே! தந்தையின் முறையை விட்டு அப்பால் போகாதீர் என்று சொல்லி அவரையும் அனுப்பிவைத்தார் ஸினான்.

இந்த இரக்கம் போதுமா என்று கேட்கத் தோன்றுகிறது. தந்தையிடம் கற்பதும் மருத்துவமனையில் கற்பதும் ஒன்றல்ல. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையில் அபுல் மஜ்த் காலையில் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்வையிடுவார், ஊழியர் உடன்செல்வர், அவர் குறித்த மருந்தும் உணவும் தாமதமின்றி வழங்கப்படும். பின்னர் பெரிய கூடத்தில் நூல்களை விரித்து, மாணவருடன் மூன்று மணி நேரம் வினாவும் விடையுமாக அமர்ந்திருப்பார். அதே மருத்துவமனையில் பிற்காலத்தில் பயின்றவர்தாம், அஃப்ஷீனின் சோதனையை நமக்கு எழுதி வைத்த இப்னு அபீ உஸைபிஆ.