பஞ்சு மிட்டாயின் ரோஸ் கலர்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளி என்றால் வைப்பாற்று மணல் முழுக்க ஜனம்தான். சேவுக் கடைகளுக்கு நடுவே, கம்பில் கட்டித் தொங்கும் பஞ்சு மிட்டாய் தூரத்திலேயே தெரியும். அதற்குக் காரணம் அந்த ரோஸ் கலர். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி, பிறகு 17-ஆம் தேதி தமிழ்நாடு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டபோது, ஆய்வகத்தில் மாட்டியது சர்க்கரை இல்லை, அந்தக் கலர்தான். பெயர் ரோடமின்-பி.

1887-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் காப்புரிமை பெற்ற சாயம் இது. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் உரியது. இதே குடும்பத்து நிறமிகள் அச்சு மையிலும் உண்டு. 'ரோடமின் ரெட்' என்ற பெயர் சிவகாசி அச்சகக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஒரு பொருள் மரபணுவை மாற்றுமா என்று மலிவாகவும் சீக்கிரமாகவும் பார்க்க வழி சொன்னவர் கலிஃபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ். 1970-களில் அவர் கையாண்டது சால்மோனெல்லா பாக்டீரியா. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாதபடி, ஏற்கெனவே மரபணுப் பிழை உள்ள வகை அது. ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் விட்டால் வளராது. சோதிக்க வேண்டிய பொருளை அதோடு சேர்க்கிறார்கள். அந்தப் பொருள் டி.என்.ஏ.வை மாற்றினால், சில பாக்டீரியாவில் பழைய பிழை தற்செயலாகச் சரியாகிவிடும். அவை வளர்ந்து புள்ளிகளாகத் தெரியும். புள்ளியை எண்ணினால் போதும். நிரல் எழுதும் எனக்கு இது உடனே பிடிபட்டது: ஒரே எழுத்துப் பிழையால் நின்றுபோன நிரல், இன்னொரு எழுத்து மாற்றத்தால் மறுபடி ஓடுவது போலத்தான். உடம்புக்குள் போன பொருளைக் கல்லீரல் வேறொன்றாக மாற்றும் என்பதால், எலிக் கல்லீரல் சாற்றையும் ஏம்ஸ் சேர்த்தார்.

1979-ல் கனடா ஆய்வாளர்கள் கடையில் விற்ற ரோடமின்களை இப்படிச் சோதித்தார்கள். கல்லீரல் சாறு சேர்த்ததும் புள்ளிகள் வந்தன. சாயத்தில் கலந்திருந்த அசுத்தங்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

ஆனால் பாக்டீரியாவில் வந்த புள்ளி, மனிதனுக்குப் புற்றுநோய் வரும் என்ற தீர்ப்பு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின்-பியை 'வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை' என்ற மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'ரெட் 19' என்ற பெயரில் இது அழகுசாதனங்களில் இருந்தது. ஆபத்து மிஞ்சிப்போனால் 90 லட்சத்தில் ஒருவருக்குத்தான் என்று கணக்குக் காட்டி 1986-ல் அரசு அனுமதித்தது. விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் நிறமி கூடாது என்றால் கூடாதுதான், கணக்குக்கு இடமில்லை என்று 1987-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் பட்டியலிலிருந்து போனது.

நம்ம ஊர்ச் சட்டம் இவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டு. அதில் ரோடமின் இல்லை. அதாவது 2024 தடைக்கு முன்பும் அந்த ரோஸ் கலர் சட்டவிரோதம்தான். சாயத்தைப் பொட்டலம் போட்டு விற்றவர் கண்ணில் படவில்லை. கம்பைத் தோளில் சுமந்து, பத்துக்கும் இருபதுக்கும் விற்றவர்தான் மாட்டினார். பஞ்சு மிட்டாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. கலர் போடாவிட்டாலும் அது இனிக்கும். வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். ரோஸ் இருந்தால்தான் பிள்ளைகள் கேட்கும் என்று பழக்கிவிட்டது நாம்தான்.