உப்பு நீரில் கரைதல்: அயனிக் கொள்கையின் வரலாறு

சோடியம் குளோரைடு படிகம் நீரில் சோடியம் அயனிகளாகவும் குளோரைடு அயனிகளாகவும் பிரிந்து, நீர் மூலக்கூறுகள் சூழ, எங்கும் ஒரே சீராகப் பரவுவதே உப்பு கரைதல். 20° செல்சியசில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் இட்டது அடியில் தங்கும். மேலே நிற்பது தெவிட்டிய கரைசல். ஒவ்வோர் அடுக்களையிலும் அன்றாடம் நடக்கும் இதற்குத் திருத்தமான விளக்கம் 1887 வரை கிடைக்கவில்லை. கிடைத்த பிறகும் வேதியியலாளர் பலர் அதை ஏற்க மறுத்தனர்.

மின்னாற்பகுப்பு விதிகளை 1833–34இல் வகுத்த மைக்கேல் பாரடே, மின்னோட்டமே உப்பைப் பிளந்து அயனிகளாக்குகிறது என்று கருதினார். அப்படியானால் பிளக்கும் அளவுக்கு மின்னழுத்தம் உயரும்வரை கரைசலில் மின்னோட்டமே இருக்கக் கூடாது. மிகச் சிறிய அழுத்தத்திலும் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதை 1857இல் கிளாசியஸ் எடுத்துக்காட்டி, சில அயனிகளாவது முன்பே பிரிந்திருக்க வேண்டும் என்றார். மிக நீர்த்த கரைசலில் ஒவ்வோர் அயனியும் தன் துணை எதுவென்று பாராமல் தனக்குரிய பங்கைக் கடத்துகிறது என்பதை 1870களில் கோல்ராஷ் அளந்து காட்டினார்.

விடைக்கான இன்னொரு தடயம் தாவரவியலிலிருந்து வந்தது. வில்ஹெல்ம் பெஃபர் நுண்துளை கொண்ட மண்கலத்தின் ஒரு புறம் மயில்துத்தக் கரைசலையும் மறுபுறம் பொட்டாசியம் பெரோசயனைடு கரைசலையும் நிறுத்தினார். இரண்டும் சுவருக்குள் சந்தித்த இடத்தில் மெல்லிய சவ்வு படிந்தது. நீர் அதனூடே புகும், சர்க்கரை புகாது. கலத்தில் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலை இட்டு நீரில் வைத்தபோது, உள்ளே புகுந்த நீரின் அழுத்தம் பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் உயர்த்தியது. 1877இல் வெளியான இந்த அளவீடுகளைக் கொண்டுதான், நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயு விதிக்குக் கட்டுப்படுகிறது என்று வான்ட் ஹாஃப் நிறுவினார். ஆனால் உப்பு அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதே துகள் கணக்கைப் பின்பற்றும் உறைநிலைத் தாழ்விலும் இது தெரிந்தது. 1 கிலோ நீரில் 1 மோல் சர்க்கரை, அதாவது 342 கிராம், கரைந்தால் உறைநிலை சுமார் 1.86° இறங்கும். 1 மோல் உப்பு, அதாவது 58.5 கிராம், அதை ஏறக்குறைய 3.4° இறக்குகிறது. வான்ட் ஹாஃப் ஒரு திருத்தக் காரணியைச் சேர்த்தார். காரணம் சொல்ல அவரிடம் ஏதுமில்லை.

காரணத்தைச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு ஸ்வான்டே அரேனியஸ். 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு தாழ்ந்த தரமே பெற்றது. பிரதியைப் படித்த வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட், ரிகாவிலிருந்து உப்சாலாவுக்கே நேரில் வந்து அவரைச் சந்தித்தார். நீரில் விழுந்ததுமே, மின்னோட்டம் இல்லாமலே, உப்பு அயனிகளாகப் பிரிகிறது என்று 1887இல் அரேனியஸ் திட்டவட்டமாக எழுதினார். ஒரு துகள் இரண்டாவதால் உறைநிலையும் ஏறத்தாழ இரு மடங்கு தாழ்கிறது. தண்ணீர் பட்டாலே கொதித்தெழும் சோடியமும் நச்சு வாயுவான குளோரினும் ஒரு குவளை நீரில் எப்படி அமைதியாக இருக்கும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான், எலக்ட்ரான் அப்போது கண்டறியப்படவில்லை. மின்னேற்றம் பெற்ற அயனி வேறு, அணு வேறு என்பதே அதற்கு விடை. 1903இல் அரேனியஸ் நோபல் பரிசு பெற்றார்.

எதிரணியில் இருந்த மெண்டலீவை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடுவது தவறு. 50 மில்லிலிட்டர் ஆல்கஹாலும் 50 மில்லிலிட்டர் நீரும் கலந்தால் 100 வராது. 96, 97தான் வரும். நீரும் கரைபொருளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்ற அவர் வாதத்துக்கு இது வலுவான சான்று. அயனிப் பிரிவை மறுத்ததில் அவர் பிழைபட்டார். நீரை வெறும் கொள்கலமாகக் கருதக் கூடாது என்றதில் அவர் பக்கமே நியாயம் இருந்தது. 1891இல் கப்லுகோவ், அயனிகளே நீரைப் பற்றிக்கொள்கின்றன என்று இரு தரப்பையும் இணைத்தார்.

அரேனியஸ் கணக்கில் உப்பின் ஒரு பகுதிதான் பிரிகிறது. உப்புப் படிகத்தில் மூலக்கூறே இல்லை, அயனி வரிசைதான் உண்டு என்று 1913இல் பிராக் எக்ஸ் கதிரால் காட்டியது அதை ஆட்டங்காண வைத்தது. 1918இல் கல்கத்தாவின் ஞான சந்திர கோஷ், உப்பு போன்ற வலிமையான மின்பகுளிகள் முழுவதுமாகப் பிரிகின்றன என்ற கொள்கையை முன்வைத்தார். அவர் சமன்பாடு நிலைக்கவில்லை என்றாலும் திசை சரியானது. 1923இல் டெபையும் ஹியூக்கலும் அயனிகளின் ஈர்ப்பைக் கணக்கிட்டு நீர்த்த கரைசல்களுக்குப் பொருந்தும் கொள்கையைத் தந்தனர்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் முனை சற்று எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் முனைகள் சற்று நேர்மின் தன்மையும் கொண்டவை. ஆக்சிஜன் முனைகள் சோடியத்தையும் ஹைட்ரஜன் முனைகள் குளோரைடையும் சூழ்ந்து இழுக்கின்றன. நீருக்குள் அயனிகளின் ஈர்ப்பு வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்காகக் குறைகிறது. 1 மோல் உப்புப் படிகத்தைப் பிரிக்கச் சுமார் 787 கிலோஜூல் தேவை. நீர் சூழ்வதால் கிடைப்பது அதைவிட 4 கிலோஜூல் குறைவு. அந்தக் குறைக்காக நீர் இலேசாகக் குளிர்கிறது. ஒழுங்காக அடுக்கப்பட்ட அயனிகள் சிதறிப் பரவும் இயல்பு அதை ஈடுகட்டிவிடுகிறது. வெள்ளிக் குளோரைடிலோ இந்தக் குறை 65 கிலோஜூலை எட்டுவதால், 1 லிட்டர் நீரில் அது 2 மில்லிகிராம் அளவுக்கே கரைகிறது.