வைணு பாப்புவும் பிற உலகங்களும்

பெங்களூர்க் கோரமங்கலாவின் வாகன இரைச்சலுக்கு நடுவே மரநிழலில் ஒதுங்கி நிற்கும் இந்திய வான்பௌதிக நிலையத்தைக் கடந்து செல்வோரில், அந்நிய உலகங்களில் ஜீவராசிகள் உண்டா என்ற விசாரத்துக்குச் சர்வதேச வானவியல் சங்கம் 1982-ஆம் ஆண்டில் தனி ஆணையம் ஒன்றை அமைத்தபோது, அச்சங்கத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர் இந்நிலையத்தின் ஸ்தாபக இயக்குநர் வைணு பாப்புவே என்பதை அறிந்தவர் வெகு சிலரே.

நம் பாட்டன்மாருக்கு இந்த விசாரமே விநோதமாகத் தோன்றியிருக்கும். ஈரேழு பதினான்கு லோகங்களையும், அவற்றில் தேவர் கந்தர்வர் நாகர் என்று நெருக்கமான குடியிருப்பையும் வைத்திருந்தவர்கள், மனிதன் தனியன் என்று எதற்காக ஏங்கப் போகிறார்கள்? தூரதிருஷ்டிக் கண்ணாடி அந்த லோகங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்த பிற்பாடுதான் தனிமை என்ற கவலை பிறந்தது.

பாப்பு இதற்கெல்லாம் வியாக்கியானம் செய்துகொண்டிருக்கவில்லை. ஜவ்வாது மலையில் சந்தன மரங்களுக்கிடையே காவலூரில் ஒரு வானாய்வுக் கூடத்தை எழுப்பினார். ஜெர்மனியில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்து சேர்ந்த 1972-ஆம் ஆண்டிலேயே, ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபடி நகர்ந்தது. மறைக்கும் கோளம் வெறும் பாறையானால் நட்சத்திர ஒளி விளக்கை ஊதி அணைத்தாற்போல் சட்டென்று போகும். அதைச் சுற்றிக் காற்று இருந்தாலோ, திரி தணிவதுபோல் படிப்படியாக மங்கும். அன்று காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் பதிவான ஒளி மங்கித்தான் மறைந்தது. கனிமீடுக்கு மெல்லிய வாயுமண்டலம் உண்டென்று அதைக்கொண்டு அனுமானித்தார்கள். 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, காற்று அவர்கள் கணித்ததைவிட மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. பின்னாளில் ஹப்பிள் தொலைநோக்கி கண்டதும் பிராணவாயுவின் அற்பமான சாயலையே. ஒரு முடிவு இவ்விதம் திருத்தப்படுவதை அவமானமாகக் கருதாத மனப்பான்மையே இத்துறையின் மூலதனம் என்பது என் அபிப்பிராயம்.

ஆணையம் உருவான சங்கப் பேரவை கிரேக்க நாட்டுப் பட்ராஸ் நகரில் கூடியிருந்த அதே நாட்களில், 1982 ஆகஸ்ட் 19 அன்று, பாப்பு மியூனிக்கில் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் காவலூரில் திறக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது.

பெங்களூரின் பங்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் பரவிக் கிடக்கும் மர்ச்சிசன் வானொலித் தொலைநோக்கிக்கு டிஜிட்டல் ஏற்பிகளைச் செய்து கொடுத்தது இவ்வூர் ராமன் ஆராய்ச்சி நிலையம். அத்தொலைநோக்கியைக் கொண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வேலா விண்மீன் தொகுதியின் திசையில் 1 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களை 17 மணி நேரம் செவிமடுத்து, அதன் முடிவை 2020-இல் வெளியிட்டார்கள். கேட்ட அலைவரிசை 98 முதல் 128 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் கீழ்ப்பகுதி, பெங்களூர் ஆட்டோக்களில் பண்பலைப் பாட்டு ஒலிக்கும் அதே வரிசை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.